வடக்கயா சார், மேக்கயா?

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யார் மூலமாவது கேள்விப்பட்டு, "எம் பேருல அந்த எழுத்து வராதுளா" என்று போன் போட்டுச் சண்டைக்கு நிற்பாள். சும்மா சொல்லவில்லை. காலேஜ் அடையாள அட்டையில் பெயரில் ஒரு கால் விட்டுப்போனதற்காக ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றவள் அவள். குமாஸ்தா சாப்பிடப் போனார், சாப்பிட்டுக் கை கழுவி வந்தார், அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் அந்த மனுஷன் தாங்கமுடியாமல் புது அட்டை அடித்துக் கொடுத்தார். எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் அவள் அக்கா. இங்கேயும் அக்காதான்.

தூத்துக்குடியில் ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தோம். நான் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவள். அவளுக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். புருஷன் துபாயில், மகள் பள்ளிக்கூடத்தில். நான் திருச்செந்தூரில் பஸ் ஏறுவேன், அவள் ஆறுமுகநேரியில் ஏறுவாள். பையை வைத்து அவளுக்கு சீட் பிடிப்பது என் வேலை. பையை எடுக்கச் சொல்லி வழியில் ஏறுகிறவர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொள்வதும் என் வேலைதான். என் தலையெழுத்து.

அவளிடம் ஒரே ஒரு குணம். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். நல்லதோ கெட்டதோ, உடும்புப் பிடி. சில நாள் அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், பல நாள் எரிச்சலாக வரும். அவள் காலேஜுக்கு வந்ததே அந்தப் பிடியால்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்யாணம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். படிக்கணும், படிக்கணும் என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லி, கடைசியில் வீட்டில் அலுத்துப்போய் விட்டார்கள். ஆனால் மாமனார் சும்மா விடவில்லை.

மாமனாருக்கு ஆறுமுகநேரி பஸ் ஸ்டாப்புக்கு எதிரேயே பலசரக்குக் கடை. கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் அவருக்கு ஒரு பெயர், அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே எதையும் மாற்றமாட்டார். காலேஜில் சேருகிற அன்றைக்குக் கடையில் நாலு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது சொல்லியிருக்கிறார்.

"போ, படி. வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு பேப்பர் போச்சுன்னாலும் அதுக்கு மேல படிக்கக் கூடாது. வீட்டப் பாத்துக்கிட்டு இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம் மாமா" என்றுவிட்டாள். எனக்கு இதை முதல்தடவை பஸ்ஸில் சொன்னபோது, "ஏக்கா, ஒனக்குக் கூறு இருக்கா? எதுக்குச் சம்மதம்னு சொன்ன?" என்று கத்தினேன். "அப்பிடிச் சொல்லாட்டா இந்தப் பஸ்ஸுல ஏறிருப்பனாளா?" என்றாள்.

வரலாற்றுப் பாடங்களை அவள் ஊதித் தள்ளிவிடுவாள். தமிழும் பயமில்லை, இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வந்துவிடும். வினையாக வந்தது துணைப்பாடமாக எங்கள் தலையில் கட்டிய உலக வட்டாரப் புவியியல்தான். மேற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று வட்டாரம் வட்டாரமாக உலகம் முழுக்கப் படிக்க வேண்டும். எந்த நாடு எங்கே, என்ன விளைகிறது, எந்த ஆறு, எந்த மலை என்று ஒன்று விடாமல் கேட்பார்கள். பரீட்சையில் மேப்புக் கேள்வி கட்டாயம், அதை விட்டால் தேறுவது கஷ்டம். அக்கா மேப்பைத் தொட்டே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பாடம் எடுத்த சார் சேலம் பக்கத்துக்காரர். நல்ல சார்தான், ஆனால் அவசரக்காரர். மேப்பை மாட்டிக் குச்சியை வைத்துக்கொண்டு, "துருக்கிக்கு மேல கருங்கடல், சவூதிக்குக் கீழ ஏமன், ஆப்கானிஸ்தானுக்குக் கீழ பாகிஸ்தான்" என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் எழுதிக்கொள்வோம். அக்காவும் அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டு போய் வீட்டில் மனப்பாடம் செய்தாள். அட்லஸ் அப்போது அவளிடம் கிடையாது.

முதல் உள்தேர்வில் பெயர் எழுதாத மேப்பைக் கொடுத்துக் குறிக்கச் சொன்னார் சார். திருத்திக் கொண்டுவந்த அன்றைக்கு அக்காவின் தாளை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். "இந்த அம்மா கருங்கடலைக் கொண்டுபோய் கிரீஸ் பக்கத்துல ஊத்தியிருக்காங்க. ஏமனைத் தூக்கி துபாய் இருக்கிற இடத்துல வச்சிருக்காங்க. பாருங்க" என்றார். வகுப்பே உருண்டு சிரித்தது. நானும்தான் சிரித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? "ஏக்கா, அத்தான் இருக்க எடத்தையே மாத்திட்டியே, இனிமே காசு எங்கருந்து வரும்?" என்று காதில் வேறு சொன்னேன். பாகிஸ்தான் ஒன்றுதான் தப்பிப் பிழைத்திருந்தது.

அவள் எழுந்து நின்றாள். முகத்தில் வெட்கம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே புரியாத முகம்.

"சார், நீங்க சொன்னதத்தான எழுதிருக்கேன்? சவூதிக்குக் கீழ ஏமன்னு சொன்னிய. கீழன்னா கெழக்கதான?"

"கீழேன்னா கீழேம்மா. தெற்கு."

"அதெப்பிடி சார்? எங்க ஊர்ல கீழத்தெரு கெழக்கல்லா இருக்கு. மேலத்தெரு மேக்க இருக்கு. அப்ப மேலன்னா மேக்கதான?"

சிரிப்பு பொசுக்கென்று நின்றுபோனது. வகுப்பில் பாதிப் பேர் திருச்செந்தூர், உடன்குடி, ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகள். எங்கள் எல்லார் ஊரிலும் மேலத்தெரு மேற்கில்தான் இருக்கிறது. மலை இருக்கிற பக்கம் மேல், கடல் இருக்கிற பக்கம் கீழ். பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறோம், மேப்பைப் பார்த்தால் மட்டும் வேறு மாதிரிப் பேசுகிறோம். அக்காவுக்கு அந்த இரண்டாவது பேச்சு மறந்தே போயிருந்தது. துருக்கிக்கு மேற்கே கடல் இருந்தது, கருங்கடல் என்று எழுதினாள். சவூதிக்குக் கிழக்கே போய்ப் பார்த்தாள், அங்கே இருந்த இடத்தில் ஏமன் என்று எழுதினாள். அவள் கணக்கில் எல்லாம் சரி.

சாருக்கு இது விளங்கவே இல்லை. "மேப்புல மேல்பக்கம்னா வடக்கும்மா, சின்னப் பிள்ளைக்கே தெரியும். உட்காரு" என்றுவிட்டார்.

அன்றைக்கு பஸ்ஸில் அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று நான் ஒன்று சொன்னேன். "விடுக்கா. ஒம் மாமனார் என்ன சொன்னாவ? ஒரு பேப்பர் போனா மேல படிக்கக் கூடாதுன்னுதான? மேலன்னா மேக்க, காலேஜு வடக்கல்லா இருக்கு. நீ பாட்டுக்கு வா." அவள் சிரிக்கவில்லை. "வெளையாடாதளா. இந்தப் பேப்பர் போனா நான் போனேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கே பயம் வந்தது.

அடுத்த வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். சார் வாயில் "மேல" என்று வந்தால் போதும், எழுந்துவிடுவாள். "வடக்கயா சார், மேக்கயா?" "கீழ" என்றால், "தெக்கயா சார், கெழக்கயா?" முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் கொட்டாவி விட்டார்கள். மூன்றாம் நாள் பின் பெஞ்சிலிருந்து, "அக்கா, பஸ்ஸு போயிரும், உக்காரு" என்று கத்தினார்கள். அவள் பாட்டுக்கு நின்றாள். ஆப்பிரிக்காவை முடிக்க வேண்டிய நாளில் எகிப்தைத் தாண்டவில்லை நாங்கள்.

சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள், "வெளியே போம்மா" என்றார். போனாள். போனவள் வராந்தாவில் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். சார் திரும்பி, "காங்கோவுக்கு மேல..." என்று தொடங்கினார். ஜன்னலிலிருந்து ரொம்ப மரியாதையாக ஒரு குரல்: "வடக்கயா சார்?" எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சார் குச்சியை மேஜையில் போட்டுவிட்டு, "உன் இன்டர்னல் மார்க் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

அன்றைக்கு அவளோடு சண்டை போட்டேன். "ஒனக்கென்ன பைத்தியமா? வாய மூடிக்கிட்டு ஒரு அட்லஸ வாங்கி வீட்டுல பாத்துப் படிச்சா என்ன? எல்லாரும் அப்பிடித்தான படிக்கோம்?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "வாய மூடுனா பேப்பர் போவும். தெறந்தா சாருக்குக் கோவம் வரும். சாரு கோவம் ரெண்டு நாள்ல போயிரும், பேப்பர் போனா வருமாளா?"

நல்லவேளை, சார் மார்க்கில் கை வைக்கவில்லை. அடுத்த வாரம் தென்கிழக்காசியா. "தாய்லாந்துக்கு மே..." என்று வாயெடுத்தவர், அவளைப் பார்த்தார். ஒரு கணம் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, "வடக்கே" என்றார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு எழுதினாள். அவள் ஜெயித்துவிட்டதாக நாங்கள் நினைத்தோம், அவளுக்கு அந்த எண்ணமே இல்லை. அடுத்து லாவோஸ் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

பிறகு ஒரு பழைய அட்லஸ் எப்படியோ கிடைத்தது அவளுக்கு. அதோடு இன்னொரு கூத்து தொடங்கியது. மேப்பில் இருக்கிற வடக்கு நிஜ வடக்கைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் அவளுக்கு. அப்போதுதான் அவள் மண்டையில் ஏறும். கேன்டீனில் மேஜையைச் சுற்றி வந்து உட்காருவாள். நூலகத்தில் தரையில் விரித்துவிடுவாள். பஸ்ஸில் காலையில் பிரச்சினை இல்லை, தூத்துக்குடிக்குப் போகிற பஸ் வடக்கே போகிறது, மேப்பும் நேராக இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது பஸ் தெற்கே வரும், அக்கா அட்லஸைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொள்வாள். எழுத்தெல்லாம் கவிழ்ந்து கிடக்கும், அதையும் படிப்பாள். பாதிப் பஸ் எங்களைத்தான் பார்க்கும்.

ஒருநாள் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்து நின்று, "ஏம்மா, புஸ்தகம் தலகீழா இருக்கு" என்றார்.

"புஸ்தகம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒங்க பஸ்ஸுதான் தலகீழா போவுது" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டிலும் விடவில்லை. புருஷன் வீடியோ காலில் வந்தபோது, "நீங்க நிக்க எடத்துக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். சார் சொல்லுகிற கீழா, ஊர்க் கீழா, அவர் வாயில் எது வருகிறது என்று பார்க்க. பாவம் அந்த மனுஷன், பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "காரு நிக்கி" என்றாராம். இதை அவள் மறுநாள் பஸ்ஸில் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

இன்னொரு நாள் மத்தியானம் வகுப்பு இல்லை என்று பீச் ரோட்டுப் பக்கம் ஜூஸ் குடிக்கப் போனோம். துறைமுகத்துக்கு வந்த ஏதோ ஒரு கப்பலின் மாலுமிகள் இரண்டு பேர் அங்கே மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று கடைக்காரர் சொன்னார். நான் தடுப்பதற்குள் அக்கா அவர்கள் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"யுவர் கன்ட்ரி, ஈஸ்ட் சைடு, வாட்?"

"சீ" என்றான் அவன்.

"வெஸ்ட்?"

"சீ."

"நார்த்?"

அவன் சிரித்துவிட்டான். கையை அகல விரித்து, "ஆல் சீ, மேடம்" என்றான். அக்கா திரும்பி வந்து, "பாவம்ளா, எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணிதான்" என்றாள். அதற்கப்புறம் பிலிப்பைன்ஸை அவள் தப்பாகக் குறித்ததே இல்லை.

செமஸ்டர் பரீட்சை வந்தது. மற்றதெல்லாம் எழுதிவிட்டோம், புவியியல்தான் கடைசி. ஆறுமுகநேரியில் ஏறும்போதே அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. காலையில் கடையைத் திறக்கும்போது மாமனார், "இன்னையோட முடியுதுல்லா?" என்று கேட்டாராம். பரீட்சையைக் கேட்டாரா, படிப்பைக் கேட்டாரா என்று தெரியவில்லை என்றாள்.

ஹாலில் எனக்கு அவளுக்குப் பின் பெஞ்சு. பெஞ்செல்லாம் கிழக்கே பார்த்துப் போட்டிருந்தார்கள். இவள் என்ன செய்யப்போகிறாளோ என்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றக் கேள்விகளைக் கடகடவென்று எழுதி முடித்தாள். மேப்பை எடுத்தாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தலைப்பக்கம் இடது கைப்பக்கமாக வரும்படி தாளைக் குறுக்கே திருப்பி வைத்தாள்.

கண்காணிப்புக்கு வந்திருந்த மேடம் வெளிக் காலேஜ்காரர். நேரே வந்து நின்றார். "தாளை நேரா வைம்மா."

"நேராத்தான் இருக்கு மேடம்."

"பக்கத்துல இருக்கிற பொண்ணுக்குக் காட்டுறியா?"

"இல்ல மேடம், வடக்கப் பாத்து வச்சிருக்கேன்."

மேடம் மேப்பைப் பிடுங்கிவிட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவளால் மற்ற பிள்ளைகள் மாதிரி எழுதக்கூடாதா என்று அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம். அழுகையும் வந்தது. அக்கா எழுந்து நின்றாள். கெஞ்சவில்லை, கத்தவும் இல்லை.

"மேடம், தாளத் திருப்பக் கூடாதுன்னா திருப்பல. என்னயத் திருப்பி உக்கார வையுங்க. வடக்கப் பாத்து ஒரு பெஞ்சு போட்டாப் போதும்."

ஹாலில் ஒருவரும் எழுதவில்லை. மேடம் தலைமைக் கண்காணிப்பாளரைக் கூட்டி வந்தார். அவர் கேட்டார், அவள் அதையே சொன்னாள். அவர் மிரட்டினார், அவள் திரும்பவும் அதையே சொன்னாள். "எனக்கு இந்தப் பேப்பர் போகக் கூடாது சார். நான் காப்பியடிச்சா என்னய வெளிய தள்ளுங்க. யாரும் பாக்காத எடத்துல உக்கார வையுங்க, வடக்கப் பாத்து மட்டும் வையுங்க." நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு, மேப்பைத் திரும்ப வாங்கிக் கொடுத்து, ஒற்றை மேஜை ஒன்றை இழுத்துப்போடச் சொன்னார். வடக்குச் சுவருக்கு ஒரு முழத்தில் போட்டார்கள். எங்கள் யாரையும் பார்க்காமல் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அக்கா உலகத்தைக் குறித்தாள். மேடம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "நேரா வச்சாலும் எழுதிருப்பியேக்கா, இவ்வளவு படிச்சிருக்கியே?"

"எழுதிருப்பேன். ஒண்ணு ரெண்டு தப்பிருக்கும். அந்த ஒண்ணு ரெண்டுல பேப்பர் போனா எனக்கு யாருளா வந்து நிப்பா?" என்றாள். அதற்கப்புறம் ஆத்தூர் வரைக்கும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ரிசல்ட்டும் பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. அவள் பார்க்கமாட்டேன் என்றுவிட்டாள். நான்தான் என் போனில் பார்த்தேன். புவியியல் பாஸ், மற்றதும் பாஸ். மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு கத்தினேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறுமுகநேரியில் பஸ் நின்றது. மாமனார் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அக்கா இறங்கி ரோட்டைத் தாண்டி நேரே அவர் முன்னால் போய் நின்றாள். கூட்டம் ஏறிக்கொண்டிருந்ததால் பஸ் கிளம்பவில்லை, ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"எல்லாத்துலயும் பாஸு மாமா."

"சந்தோசம். சொன்ன மாரி செஞ்சிட்ட. அடுத்த பரீச்சைக்கும் அதே பேச்சுதான்."

"இல்ல மாமா."

"என்ன இல்ல?"

"அந்தப் பேச்சு இன்னையோட முடிஞ்சிட்டு. நீங்க கேட்டிய, நான் செஞ்சிட்டேன். இனிமே ஒரு பேப்பர் போனாலும் படிப்பேன், நாலு பேப்பர் போனாலும் படிப்பேன். போனதத் திரும்ப எழுதிக்கிடுவேன். இப்பமே சொல்லிட்டேன் மாமா. பெறவு சொல்லலன்னு சொல்லாதீய."

சாமான் வாங்க நின்றவர்கள் எல்லாரும் மாமனார் முகத்தைப் பார்த்தார்கள். பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். மறுநாள் அவள் ஏறியதும் ஏறாததுமாக, "மாமா என்ன சொன்னாவ?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. பருப்ப நிறுத்துக் குடுத்தாவ" என்றாள்.

மூன்றாவது செமஸ்டரில் அவளுக்கு இங்கிலீஷ் போய்விட்டது. ரிசல்ட் அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பையை வைத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறுமுகநேரி வந்தது. ஸ்டாப்பில் அவள் இல்லை. கடை திறந்திருந்தது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் நகர்ந்தது.

பட்டென்று பஸ்ஸின் மேல் யாரோ அடித்தார்கள். "ஏய், நிறுத்துப்பா! எங்க வீட்டுப் பிள்ள வருதுல்லா? காலேஜுக்குப் போற பிள்ளய விட்டுட்டுப் போனா எப்பிடி?" என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மாமனார், கடையிலிருந்து இறங்கி ரோட்டுக்கே வந்துவிட்டார், தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்தது தெரியாமல் பஸ்ஸைத் தட்டிக்கொண்டே கூட ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா.

ஏறி, மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பையை எடுளா" என்றாள்.